ஒரே கம்பியில் இரண்டு நெறிகள்

வலைப்பின்னலின் வரலாறு: பகுதி 11

1986-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே இருந்த நானூறு கஜ தூரத்து இணைப்பில், விநாடிக்கு 32,000 பிட்டுகள் ஓடவேண்டிய இடத்தில் வெறும் 40 பிட்டுகள் தத்தித் தத்திச் சென்ற விபரீதத்தையும், வான் ஜேக்கப்ஸனும் மைக் கேரல்ஸும் அதற்குக் கண்ட பரிகாரத்தையும் சென்ற வாரம் பார்த்தோம்.

டி.சி.பி. என்னும் நெறிமுறைக்குப் புதிய அங்கம் எதையும் அவர்கள் ஒட்டவில்லை; பொட்டலத்தின் உருவத்தையும் மாற்றவில்லை. அனுப்புகிற கணினி, பதில் திரும்பி வருகிற வேகத்தைக் கவனித்துத் தன் வேகத்தைத் தானே அடக்கிக்கொள்ளும்படி, இயங்குதளத்தின் உட்கருவில் சிறிது திருத்தினார்கள். எதிர்முனையிலுள்ள கணினி இதை அறியவேண்டிய அவசியம்கூட இல்லாமல், வலை பிழைத்துக்கொண்டது.

அதே 1986-ஆம் ஆண்டில்தான், இந்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத்தினுடைய பொருளுதவியோடு, எட்டு ஸ்தாபனங்களை ஒரு வலையில் பிணைக்கும் காரியத்தைத் தொடங்கியது. தில்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய இடங்களிலிருந்த ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகம், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், இவற்றோடு மின்னணுவியல் துறை தானும் எட்டாவதாகச் சேர்ந்தது. எர்நெட் என்று அதற்குப் பெயர்.

வலை அமைப்பது என்று முடிவானவுடனேயே ஒரு கேள்வி எழுந்தது. இந்தக் கணினிகள் ஒன்றோடொன்று எந்த நெறிப்படி பேசவேண்டும்?

* * *

இன்றைக்கு அந்தக் கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். படவேட்டில் ஒரு நெசவாளர், தறியிலிருந்து அறுத்தெடுத்த பட்டுச் சேலையைத் திண்ணையில் விரித்துப் படம் பிடித்து, ஆரணிக் கடைக்காரருக்குக் கைபேசியில் அனுப்பும்போது, அந்தப் படம் எந்த நெறிமுறையில் பிரயாணம் செய்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. உலகம் முழுவதும் ஒரே பதில்தான்; அது டி.சி.பி./ஐ.பி.

ஆனால் 1986-இல், பொறுப்புள்ள ஓர் அரசாங்க அதிகாரியையோ பேராசிரியரையோ நீங்கள் கேட்டிருந்தால், அவர் தயக்கமின்றி வேறொரு பெயரைச் சொல்லியிருப்பார். சர்வதேசத் தர அமைப்பின் ஓ.எஸ்.ஐ. என்ற அந்த ஏற்பாடு 1977-இல் தொடங்கி, 1984-இல் ஏழடுக்கு மாதிரியாக வெளிவந்திருந்தது. ஐரோப்பிய அரசாங்கங்கள் அதன் பக்கம் நின்றன. டி.சி.பி./ஐ.பி.யின் பிறப்புக்குப் பணம் கொடுத்த அமெரிக்க அரசாங்கமே, 1990 ஆகஸ்டு முதல் தன் துறைகள் வாங்கும் வலைச் சாதனங்கள் ஓ.எஸ்.ஐ. நெறியில் பேசவேண்டும் என்று விதித்தது.

ஒரு தேசத்தின் ராணுவ ஆராய்ச்சித் துறையில் பிறந்த நெறியைவிட, பல தேசங்கள் கூடி வகுத்த நெறி நமக்கு உகந்தது என்று இந்தியாவில் ஒருவர் எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தில் சுயமரியாதையும் இருந்தது, நியாயமும் இருந்தது. டி.சி.பி./ஐ.பி. சில காலம் வைத்துக்கொள்ளவேண்டிய தற்காலிக ஏற்பாடு என்பதே அந்நாளில் அறிஞர்களில் பலருடைய அபிப்பிராயம்.

* * *

ஓ.எஸ்.ஐ. எப்படிப் பெருத்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். அதன் சபைகளில் தொலைபேசித் துறைகள் அமர்ந்திருந்தன. பெரிய கணினி உற்பத்தியாளர்கள் அமர்ந்திருந்தார்கள். பல்கலைக்கழகத்து அறிஞர்களும் இருந்தார்கள். பேச்சைத் தொடங்குமுன் பாதை ஒன்றை ஏற்படுத்திக்கொண்டு, அந்தப் பாதையிலேயே கடைசிவரை செல்லவேண்டும் என்பது தொலைபேசிக்காரர்களின் வாதம். ஒவ்வொரு பொட்டலமும் தனித்தனியே தன் வழியைத் தேடிக்கொள்ளட்டும் என்பது கணினிக்காரர்களில் ஒரு சாராரின் வாதம். விவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஒருவரும் விட்டுக்கொடுக்காத இடத்தில், இரண்டும் இருக்கட்டும் என்று எழுதப்பட்டது.

இப்படியாக வலை அடுக்கில் இரண்டு வகைச் சேவைகள் வந்தன. அதற்கு மேலிருந்த போக்குவரத்து அடுக்கில், பூஜ்யம் முதல் நான்கு வரை எண்ணிட்ட ஐந்து வகுப்புகள் வந்தன. எக்ஸ்.400 என்ற அஞ்சல் முறையில், பெறுபவரின் முகவரியே தேசம், நிர்வாகம், தனி ஆட்சிப்புலம், ஸ்தாபனம், குடும்பப்பெயர் என்று அங்கம் அங்கமாக விரிந்தது. ஒவ்வொரு வசதிக்கும் அதைக் கேட்ட ஒருவர் இருந்தார். அவர் கேட்டதற்குத் தக்க காரணமும் இருந்தது. வேண்டாதது என்று ஒன்றையாவது தனியே எடுத்துக் காட்டுவது கடினம்.

ஆயினும், இரண்டு உற்பத்தியாளர்கள் அதே கிரந்தத்தை வைத்துக்கொண்டு, வெவ்வேறு விருப்பங்களைத் தேர்ந்து, இரண்டு கணினிகளைச் செய்துவிட்டால், இரண்டும் விதிக்குப் பொருந்தியவையாக இருந்தும் ஒன்றோடொன்று பேச முடியாத நிலை உண்டாயிற்று. அதனால் எந்தெந்த விருப்பங்களைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று சொல்வதற்குத் தனியாக இன்னொரு விதிநூல் வேண்டியிருந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் ஆணையும் உண்மையில் அப்படிப்பட்ட ஒரு தேர்வுப் பட்டியலே.

மறுபக்கத்தில், 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் பதிப்பித்த ஐ.பி., டி.சி.பி. விவரணங்கள் இரண்டும் சேர்ந்து நூற்றைம்பது பக்கங்களுக்குள் அடங்கின. கேட்டவருக்கெல்லாம் இலவசம். ஓ.எஸ்.ஐ. நூல்களையோ விலை கொடுத்து வாங்கவேண்டும். அந்நியச் செலாவணியை எண்ணி எண்ணிச் செலவழித்த எண்பதுகளின் இந்தியாவில், இதை அற்ப விஷயமென்று ஒதுக்கிவிட முடியாது.

* * *

நூல் ஒரு பக்கம் இருக்கட்டும். நூலில் உள்ளதைச் செய்து காட்டும் மென்பொருள் எங்கே இருந்தது என்பதுதான் காரியத்தை நிர்ணயித்தது என்பது என் துணிபு.

பி.பி.என். என்ற நிறுவனம் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சித் துறைக்காக யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு எழுதிக் கொடுத்த டி.சி.பி./ஐ.பி. மென்பொருளை வாங்கிப் பார்த்த பில் ஜாய், அதன் வேகம் போதாதென்று பெர்க்லியில் மாற்றி எழுதியதையும், 1983 ஆகஸ்டில் அது 4.2 பி.எஸ்.டி. என்ற பெர்க்லி யூனிக்ஸ் பதிப்போடு வெளிவந்ததையும் முந்தைய பகுதிகளில் சொன்னேன். ஆனால் பி.பி.என். நிறுவனத்தார் தங்கள் பிரதியைத் தொடர்ந்து செப்பனிட்டு வந்ததால், அடுத்த வெளியீட்டில் எது இடம்பெறவேண்டும் என்ற வழக்கு மூண்டது. மைக் மூஸ் என்ற ராணுவ ஆராய்ச்சிக்கூட நிபுணரிடம் இரண்டும் ஒப்படைக்கப்பட்டன. அவர் சோதித்துப் பார்த்தார். திறனில் பெர்க்லியின் பிரதி மேல். நெரிசலைப் பி.பி.என். பிரதி மேலாகச் சமாளித்தது. ஆனால் சோதனைகள் முழுவதையும் பழுதின்றிக் கடந்தது பெர்க்லியுடையதே. மற்றொன்று கடும் பாரத்தில் சில சமயம் இயங்குதளத்தையே வீழ்த்திவிட்டது. 1986 ஜூனில் வெளிவந்த 4.3 பி.எஸ்.டி. பெர்க்லியின் பிரதியோடுதான் வந்தது.

இதைவிட முக்கியமான சம்பவம் 1989-இல் நடந்தது. அதுவரை யூனிக்ஸ் மூலநிரலைப் பார்க்கவேண்டுமானால் ஏ.டி.&டி. கம்பெனியின் உரிமம் பெற்றிருக்கவேண்டும். அந்த ஆண்டில் பெர்க்லியார் வலைப் பகுதியை மட்டும் தனியே பிரித்து, யார் வேண்டுமானாலும் படியெடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம் என்று வெளியிட்டார்கள். உலகத்தின் எந்த மூலையிலுள்ள பல்கலைக்கழகமும், உழைக்கிற வலையொன்றின் உள்ளுறுப்புகளை வரிவரியாகப் படிக்கலாம் என்றாயிற்று. எழுபதுகளில் ஐ.பி.எம். 370 இயந்திரத்தைக் கண்ணாடி அறையில் வைத்துப் போற்றிய நம் கல்விக்கூடங்களுக்கு, ஓர் இயங்குதளத்தின் கர்ப்பத்தைத் திறந்து பார்க்கும் உரிமை எவ்வளவு பெரிய செல்வம் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

* * *

எர்நெட்டின் முதல் மின்னஞ்சல், பம்பாயில் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்துக்கும் ஐ.ஐ.டி.க்கும் இடையே, 1986–87-இல், தொலைபேசியைச் சுழற்றி மோடம் வழியாகச் சென்றது. அதற்குப் பயன்பட்டது ஓ.எஸ்.ஐ.யும் அல்ல, டி.சி.பி./ஐ.பி.யும் அல்ல, யூனிக்ஸோடு கூடவே வந்த யூ.யூ.சி.பி. என்ற மிக எளிய ஏற்பாடு. ஒரு கணினி மற்றொன்றை அழைக்கும், சேர்த்து வைத்த கடிதங்களைக் கொடுக்கும், வாங்கும், வைத்துவிடும்.

அந்த மையத்தின் இயக்குநராக இருந்தவர் சீனிவாசன் ரமணி. இந்திய இணையத்தின் முன்னோடிகளில் ஒருவர் என்று 2014-இல் சர்வதேச இணையப் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1989-இல் பிறந்த .இன் என்னும் ஆட்சிப்பெயரின் பதிவேட்டை முதலில் வைத்திருந்ததும் அந்த மையமே.

குத்தகைக் கம்பிகள் போடப்பட்டபோது, கேள்வியைத் தள்ளிப்போட இனி வழியில்லை என்றாயிற்று. இங்கே எர்நெட் செய்தது என்ன? முதுகெலும்பான குத்தகைக் கம்பிகளில் இரண்டையும் ஓடவிட்டது. டி.சி.பி./ஐ.பி. ஒரு பக்கம், ஓ.எஸ்.ஐ. மறுபக்கம், கம்பி ஒன்று, நெறி இரண்டு.

இதைத் தயக்கமென்று கருதுவோர் இருக்கலாம். நான் அப்படிக் கருதவில்லை. உலகமே ஒரு திசையைக் காட்டிக்கொண்டிருந்தபோது, கையில் உழைத்துக்கொண்டிருந்த சாதனத்தை வீசியெறியாமலும், உலகம் காட்டிய திசையைப் பரிகசிக்காமலும், இரண்டுக்கும் இடம் கொடுத்து, எது நிற்கிறதென்று பார்த்த அந்தப் பொறுமை ஒரு விஞ்ஞான மனப்பான்மை.

ஆனால் அந்தப் பொறுமைக்கு ஒரு விலை இருந்தது. கம்பியே அந்த விலையைக் கணக்கிட்டுச் சொல்லிற்று.

* * *

1992-க்குள் எட்டு ஸ்தாபனங்களையும் இணைத்த கம்பிகளின் கொள்ளளவு விநாடிக்கு 9,600 பிட்டுகள். எழுத்தாகச் சொன்னால், விநாடிக்கு ஏறத்தாழ 1,200. இரவும் பகலும் ஒரு கணம் ஓயாமல் ஓடினாலும், நாளொன்றுக்குப் பத்துக் கோடி எழுத்துகளுக்குச் சற்று மேல். இன்று கைபேசியில் நாம் பார்த்துத் தள்ளும் ஒரு சலனப்படம் அந்தக் கம்பியின் ஒரு முழு நாளை விழுங்கிவிடும்.

சென்னையில் அமர்ந்த ஒரு மாணவர் பம்பாய்க் கணினியில் நுழைந்து ஓர் எழுத்தைத் தட்டினால், அந்த ஓர் எழுத்தோடு டி.சி.பி., ஐ.பி. தலைப்புகள் என்று 40 பைட்டுகள் கூடச் செல்லவேண்டும். சரக்கு ஒன்று, உறை நாற்பது. இந்த வேதனையை உணர்ந்த அதே வான் ஜேக்கப்ஸன், 1990 பிப்ரவரியில், மெதுவான கம்பிகளில் அந்த நாற்பதைப் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து பைட்டுகளாகச் சுருக்கும் உபாயத்தை வெளியிட்டார். தலைப்பு நிலையான உருவம் கொண்டதாக இருந்ததும், ஒரு பொட்டலத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அதில் மாறும் இடங்கள் சிலவே என்பதும்தான் அந்தச் சுருக்கத்தைச் சாத்தியமாக்கின.

ஓ.எஸ்.ஐ.யில் ஒரு முகவரி மட்டுமே 20 பைட்டுகள் வரை நீளலாம். அனுப்புபவர் முகவரி ஒன்று, பெறுபவர் முகவரி ஒன்று. அவ்வளவிலேயே நாற்பது தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒவ்வோர் அடுக்கும் தன் உறையைச் சுற்றும். வேகமான கம்பிகள் மலிந்த தேசத்தில் இருந்துகொண்டு விதி எழுதியவருக்கு இந்தச் செலவு கண்ணில் படாமல் போயிருக்கலாம். 9,600 பிட்டுக் கம்பியின் முன் அமர்ந்தவருக்கு அது ஒவ்வொரு விநாடியும் கண்ணில் பட்டது.

கம்பியைவிடப் பெரிய செலவு ஒன்றும் இருந்தது. அதுதான் மனித உழைப்பு.

* * *

1990-இல் பெர்க்லியார் 4.3 பி.எஸ்.டி. ரீனோ என்ற வெளியீட்டில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட ஓ.எஸ்.ஐ. மென்பொருளையும் இயங்குதளத்தின் உட்கருவில் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோரும் அதையே எதிர்பார்த்த காலம். சேர்த்தது தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் உட்கருவில் இடம்பெற்ற ஒரு வசதி, ஒருவரும் தொடாவிட்டாலும் சும்மா கிடப்பதில்லை. நினைவகத்தை ஒதுக்கும் முறை மாறினால் அதையும் மாற்றவேண்டும். வழிகாட்டும் அட்டவணையின் அமைப்பு மாறினால் அதையும் திருத்தவேண்டும். ஒரு பிழை தோன்றினால், அது இந்த நெறியில் உதித்ததா, அந்த நெறியில் உதித்ததா, இரண்டும் பொதுவாகக் கொண்ட இடத்தில் உதித்ததா என்று தேடவேண்டும்.

எங்கள் படவேட்டுப் பக்கத்தில் தறி போடுகிறவர்களுக்கு இது விளக்காமலே விளங்கும். ஜக்கார்டு பெட்டி பெரிதாகப் பெரிதாகக் கரையிலும் முந்தானையிலும் விதவிதமான உருவங்களை நெய்யலாம். பெட்டியிலிருந்து இறங்கும் கயிறுகளும் அதற்கேற்பப் பெருகும். அந்த உருவத்தை நெய்யாத நாளிலும் அத்தனை கயிறுகளும் மேலே தொங்கிக்கொண்டுதான் இருக்கும். எங்கோ ஒன்று தளர்ந்து சேலையில் ஒரு பிசகு விழுந்தால், எந்தக் கயிறென்று தேடுவது அந்தத் தறிக்காரருடைய பாடு.

எர்நெட்டின் ஒவ்வொரு மையத்திலும் வலையைக் காத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. அவர்களுக்கு வேறு பணிகளும் இருந்தன. நள்ளிரவில் கம்பி ஊமையானால், காரணத்தைக் கண்டுபிடிக்க அவர்களுக்குத் துணை எது? டி.சி.பி./ஐ.பி.யில் மூலநிரல் கையில் இருந்தது. நூற்றைம்பது பக்க நூல் மேஜைமேல் இருந்தது. உலகம் முழுவதும் அதே சிக்கலை அனுபவித்த தோழர்கள் அஞ்சலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தார்கள். தாமே திறந்து, தாமே புரிந்து, தாமே செப்பனிடக்கூடியதாக எது இருந்ததோ, அதன்மேல் மக்கள் தங்கள் கடிதங்களை ஏற்றினார்கள். உத்தரவு போட்டு அவர்களை அந்தப் பக்கம் திருப்பியவர் எவருமில்லை.

1992-இல் பம்பாயிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலிருந்த யூயூநெட் என்ற இணையச் சேவை நிறுவனத்துக்கு விநாடிக்கு 64,000 பிட்டு இணைப்பு கிடைத்தபோது, மறுமுனையில் காத்திருந்த உலகம் டி.சி.பி./ஐ.பி. உலகமாகவே இருந்தது. ஓ.எஸ்.ஐ.யில் பேச ஆசைப்பட்டவருக்குப் பேச ஆள் கிடைப்பது அரிதாயிற்று. 1995 தொடங்கி, எர்நெட்டில் ஓடியது ஏறக்குறைய முழுவதும் டி.சி.பி./ஐ.பி.தான்.

பெர்க்லியின் வழித்தோன்றல்களான ஃப்ரீபி.எஸ்.டி., நெட்பி.எஸ்.டி., ஓபன்பி.எஸ்.டி. ஆகிய மூன்றும், பின்னாளில் ஒவ்வொன்றாக அந்த ஓ.எஸ்.ஐ. பகுதியைத் தங்கள் உட்கருவிலிருந்து அறுத்தெடுத்தன. பல அறிஞர்களின் பல்லாண்டு உழைப்பு அது. எடுத்தவர்கள் மகிழ்ச்சியோடு எடுத்திருக்கமாட்டார்கள்.

* * *

தோற்றவர்களுக்கும் நியாயம் செய்யவேண்டும். ஓ.எஸ்.ஐ. அறிஞர்கள் முன்கூட்டியே கண்ட சில அபாயங்களை, டி.சி.பி./ஐ.பி. காரர்கள் தங்கள் எளிமையின் உற்சாகத்தில் காணாமல் விட்டார்கள். 32 பிட்டு முகவரி உலகத்துக்குப் போதாது என்பதை 1992-க்குள் அவர்களே உணர்ந்து, ஓ.எஸ்.ஐ.யின் வலை நெறியையே கடன் வாங்கலாமா என்று இணையக் கட்டமைப்புச் சபை யோசிக்கும் அளவுக்கு நிலைமை சென்றது. பொறியாளர்களின் கிளர்ச்சியால் அந்த யோசனை கைவிடப்பட்டது. ஆனால் நோய் தீரவில்லை.

இன்றும், வங்கித் தளத்தைத் திறக்கும்போது அது மெய்யான தளந்தானா என்று சாட்சி சொல்லும் எக்ஸ்.509 சான்றிதழ், ஓ.எஸ்.ஐ. பரம்பரையில் வந்த குழந்தை. பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களின் உள்வலைகளில் வழிகாட்டும் ஐ.எஸ்.–ஐ.எஸ். நெறியும் அந்த வீட்டுப் பிள்ளையே. அடையாளத்தை எப்படி நிரூபிப்பது, முகவரியை எவ்வளவு பெரிதாக வைப்பது என்ற விஷயங்களில் அந்தச் சபைகளின் தீர்க்கதரிசனத்தை நான் மனப்பூர்வமாகப் போற்றுகிறேன்.

டி.சி.பி./ஐ.பி. எதை விட்டுவிட்டதனால் இலகுவாக இருந்ததோ, அது திரும்பி வந்து கதவைத் தட்டும் நாளும் தூரத்தில் இல்லை. 1988 நவம்பர் 2-ஆம் தேதி, ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் ஏவிய புழு, பெர்க்லி யூனிக்ஸ் ஓடிய ஆயிரக்கணக்கான கணினிகளை ஓரிரவில் செயலிழக்கச் செய்தபோது, அது புகுந்த வாசல்களில் ஒன்று, ஒரு கணினி மற்றொன்றைச் சான்று கேளாமல் நம்பிய வாசல். அறிந்தவர்கள் அறிந்தவர்களோடு பேசும் வலையில் அந்த நம்பிக்கை குற்றமில்லை. எர்நெட்டின் எட்டு வீடுகளும் ஒன்றையொன்று அறிந்தவையே.

1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி, விதேஷ் சஞ்சார் நிகாம் என்ற அரசு நிறுவனம் தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. கட்டணம் செலுத்தும் எவரும், எவரென்று ஒருவருக்கும் தெரியாமலே, அதே உலக வலையில் ஏறலாம் என்றாயிற்று. வலையைக் காத்து வந்த அந்தச் சிலருக்கு முன்னால் இப்போது ஒரு புதிய வசதிக்கான கோரிக்கை வந்து நின்றது: உள்ளே வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் நிறுத்தி, யார், எங்கிருந்து, எதற்காக என்று விசாரிக்கும் காவல் வேண்டும்.

அந்தக் காவலை எங்கே நிறுத்துவது? வாசலுக்கு வெளியே தனி இயந்திரமாகவா, அல்லது இவ்வளவு பாடுபட்டு எளிமையாகக் காத்த இயங்குதளத்தின் உட்கருவுக்குள்ளேயேவா? உள்ளே நிறுத்தினால், அதற்கு எவ்வளவு விதிகளைக் கற்றுக்கொடுப்பது, அந்த விதிகளை எழுதும் அதிகாரம் யாருடையது?

(அடுத்த வாரம் தொடரும்)